கழுத்து, தாடையோரம், மேலுதடு: குன்னூர்க் குளிரில் வழவழப்பாகச் சவரம் செய்வது எப்படி?

கேள்வி கேட்ட தம்பி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகிக் குன்னூருக்கு வந்திருக்கிறார். கன்னத்தில் சவரம் நன்றாக வருகிறதாம். தாடைக்குக் கீழேயும் தொண்டைமேட்டிலும் மூக்குக்கு அடியிலும்தான் எத்தனை முறை வழித்தாலும் சொரசொரப்பு போவதில்லை. அழுத்தினால் ரத்தம், மறுநாள் சிவப்புச் சிவப்பாகப் பொரி. ஐந்து பிளேடு ரேசர் வாங்கியும் பலனில்லை. அடுத்த மாதம் கல்யாணம் வேறு, அதனால் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, நான் குன்னூரில் சலூன் வைத்திருப்பவன். வெலிங்டன் ராணுவ மையத்துப் பையன்கள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர்கள், எஸ்டேட் ஆட்கள் என்று பலவிதமான முகங்களைப் பார்த்தாயிற்று. நீங்கள் சொல்லும் மூன்று இடங்களும்தான் எல்லோருக்கும் தகராறு செய்யும் இடங்கள். இதில் ரேசரின் பங்கு கொஞ்சம்தான். அந்த இடங்களில் முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று தெரியாமல், மேடுபள்ளமான தோலைச் சமமாக்காமல், ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் எடுக்கப் பார்ப்பதுதான் காரணம். வழவழப்பு அழுத்தத்தால் வருவதில்லை. மெல்லிய இழுப்புகளாக, ஒவ்வொரு முறையும் புது நுரை போட்டு, முடியைப் படிப்படியாகக் குறைத்தால்தான் வரும்.

முதல் வேலை சவரமே இல்லை. இரண்டு நாள் தாடியை விட்டுவிடுங்கள். அப்புறம் நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன்னால் நின்று, விரல் நுனியால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, காதுப் பக்கமிருந்து தொண்டைப் பக்கம் என்று எல்லாத் திசையிலும் தடவ வேண்டும். விரல் வழுக்கிக்கொண்டு போனால் அது முடியின் போக்கு. முள்ளாகத் தடுத்தால் எதிர்த்திசை. விரலுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் ஒரு பஞ்சுத் துண்டால் தடவுங்கள். எதிர்த்திசையில் போகும்போது பஞ்சு சிக்கிக்கொள்ளும்.

கன்னத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் முடி கீழ்நோக்கித்தான் போகும். அதனால்தான் கன்னம் உங்களுக்குச் சிரமம் தரவில்லை. கழுத்தில் கதையே வேறு. தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் முடி மேல்நோக்கி வளரும் ஆட்கள் நிறைய. தாடைக் கோணத்துக்குக் கீழே பலருக்கு முடி பக்கவாட்டில் படுத்திருக்கும். சிலருக்குத் தலையில் இருக்கிற மாதிரி அங்கே ஒரு சுழியே இருக்கும். இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் வேறு மாதிரி இருப்பதும் சாதாரணம். நீங்கள் கன்னத்திலிருந்து கழுத்து வரை ஒரே நீளமாக இழுக்கிறீர்கள் என்றால், பாதி வழியில் முடியின் போக்குக்கு எதிராக, காய்ந்துகொண்டிருக்கும் நுரையில், எலும்பின் ஓரத்தில் பிளேடு ஓடுகிறது என்று அர்த்தம். ரத்தம் வருவது அங்கேதான். ஒரு காகிதத்தில் முகத்தை வரைந்து ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி போட்டு, கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வையுங்கள். சில நாளில் கை பழகிவிடும், காகிதம் தேவைப்படாது.

அடுத்தது ஊற வைப்பது. முடி தண்ணீரை உறிஞ்சி ஊதி இளகக் குறைந்தது இரண்டு மூன்று நிமிடம் ஆகும். காய்ந்த முடியை அறுக்க வேண்டிய விசை, ஊறிய முடிக்கு வேண்டியதைவிட வெகு அதிகம். கீழே தூத்துக்குடியில் காலையில் வியர்த்த முகத்தில் தண்ணீர் தெளித்தாலே பாதி ஊறிவிடும். இங்கே டிசம்பர், ஜனவரியில் முகம் காய்ந்து இறுகிக் கிடக்கும், குழாய்த் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். ஆகவே குளித்து முடித்த கையோடு சவரம் செய்யுங்கள். முடியாவிட்டால் ஒரு சின்னத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து தாடையிலும் கழுத்திலும் சுற்றி வையுங்கள், ஆறினால் மறுபடி நனையுங்கள். வெந்நீர் கை தாங்கும் சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசை போய்விடும், குளிர்காலத்தில் அதுவே பாதி எரிச்சலுக்குக் காரணம்.

நுரை விஷயத்தில் மலைக்கு வந்ததில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. கீழே உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதனால் கிரீமை அள்ளிப் பூசிப் பழகியிருப்பீர்கள். இங்கே தண்ணீரில் உப்பு குறைவு. கடலையளவு கிரீம் போதும். பிரஷ்ஷை நனைத்து உதறி, கிரீமை முகத்திலேயே வைத்து வட்டமாகத் தேயுங்கள், நடுவில் இரண்டு மூன்று முறை பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள். தோசை மாவுப் பதத்தில், பளபளப்பாக, விரலால் தொட்டால் வழுக்குகிற மாதிரி வர வேண்டும். உயரமாக, வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக நிற்கும் நுரை பார்க்க அழகாக இருக்கும், பிளேடுக்கு உதவாது. அதில் காற்றுதான் அதிகம். டப்பாவை அமுக்கினால் பீய்ச்சுகிற நுரையில் நான் காணும் குறையும் அதுதான். பிரஷ் தேய்க்கும்போது படுத்துக் கிடக்கும் முடி எழுந்து நிற்கும் என்பதால், கழுத்துக்குப் பிரஷ் கட்டாயம் வேண்டும் என்பேன்.

சிலர் சவரத்துக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். நல்லதுதான், ஆனால் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் போனால் நுரை உடைந்துவிடும், பல பிளேடு ரேசரின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் இங்கே வருஷத்தில் பாதி நாள் பாட்டிலில் கட்டியாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் உருக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பிளேடு. பல பிளேடு ரேசர் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் கழுத்தில் பொரி ஏன் வருகிறது என்று புரியும். முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கிறது. அது மறுபடி உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு அறுக்கிறது. அறுபட்ட முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. கன்னத்தில் நேராக வளரும் முடிக்கு இதனால் நல்ல வழவழப்புக் கிடைக்கும். கழுத்தில் படுத்து வளைந்து வளரும் முடியோ வெளியே வரும் வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே குத்தி வளர்கிறது. உடம்பு அதை அந்நியப் பொருள் என்று நினைத்து வீங்குகிறது. அதுதான் மறுநாள் சிவப்புப் பொரி. சுருட்டை முடிக்காரர்களுக்கு இது இன்னும் அதிகம். வெலிங்டனில் புதிதாகச் சேரும் பையன்கள் தினமும் மழித்தே ஆக வேண்டும், அவர்களில் பலருக்குக் கழுத்து முழுக்க இப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கழுத்துக்கு ஒற்றை பிளேடு. பழைய மாதிரி, இருபக்கமும் கூரான பிளேடைப் போட்டு மூடுகிற சேஃப்டி ரேசர் என்றால் உத்தமம். அது கைக்கு வரவில்லையா, கில்லெட் கார்டு மாதிரி ஒற்றை பிளேடு ரேசர் எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. கன்னத்துக்கு உங்கள் ஐந்து பிளேடையே வைத்துக்கொள்ளுங்கள், வீணாக்க வேண்டாம்.

பிளேடு மழுங்குவது பற்றி ஒரு செய்தி. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது, இருந்தும் பிளேடின் விளிம்பைச் சில்லாகப் பெயர்த்துவிடுகிறது. முடி நேராக நின்று அறுபடும்போது அவ்வளவு சேதமில்லை. வளைந்து சாய்ந்த முடி, விளிம்பில் ஏற்கெனவே நுண்ணிய குறை இருக்கும் இடத்தில் சேர்ந்தால் அங்கே பெயர்கிறது. கழுத்து முடி அப்படிச் சாய்ந்துதானே கிடக்கிறது! ஆகவே கன்னத்தில் இன்னும் ஓடுகிறதே என்று பழைய பிளேடைக் கழுத்துக்குக் கொண்டு போகாதீர்கள். இழுக்கிற மாதிரி முதல் உணர்வு வந்ததுமே மாற்றிவிடுங்கள். குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழையில் குளியலறைச் சுவரே ஈரம் கசியும். ரேசரை அங்கேயே போட்டு வைத்தால் விளிம்பு துருவேறிக் கெட்டுவிடும். உதறி, துணியில் ஒற்றி (துடைக்கக் கூடாது, விளிம்பு போய்விடும்), அறைக்குள் எடுத்து வையுங்கள். பிரஷ்ஷையும் முடி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

ரேசரைப் பிடிப்பது: சேஃப்டி ரேசர் என்றால் பிளேடு தோலோடு சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். அறுபடும் சத்தம் கேட்கும். அந்தச் சாய்வை மாற்றாமல் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இழுத்து எடுத்துவிடுங்கள். ரேசரின் எடையே போதும், கை அழுத்தவே கூடாது. கன்னத்தில் தொடங்குங்கள், பிறகு கழுத்து, கடைசியாக முகவாயும் மேலுதடும். அங்கே முடி தடித்து நெருக்கமாக இருக்கும், நுரையில் கூடுதலாக ஊறட்டும் என்றுதான் இந்த வரிசை.

இனி ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

தாடைக் கோணத்துக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை நேரடியாக வழிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பள்ளத்தில் பிளேடின் நடுப்பகுதி படாது, ஓரம் மட்டும் குத்தும். தலையை எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் காது மடலுக்குக் கீழே தோலைப் பிடித்து மேலே தூக்குங்கள். பள்ளத்துத் தோல் தாடை எலும்பின் மேல் ஏறிச் சமமாகும். அங்கே வைத்து, நீங்கள் வரைந்த அம்புக்குறியின் திசையில், அரை அங்குல இழுப்பாக எடுங்கள். நுரை பட்டு விரல் வழுக்குகிறதா? ஈரமான படிகாரக் கட்டியில் விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டால் தோலில் பிடி கிடைக்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

தொண்டைமேட்டில் அந்த மேட்டின் மேலேயே பிளேடு ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. தோலை இரண்டு விரலால் ஒரு பக்கமாக நகர்த்துங்கள். மேட்டின் மேல் இருந்த முடி பக்கத்துச் சமதளத்துக்கு வந்துவிடும், அங்கே வழித்துக்கொள்ளலாம். பிறகு மறுபக்கம் நகர்த்தி மீதியை எடுங்கள். எச்சிலை விழுங்கி அப்படியே ஒரு நொடி நிறுத்தினாலும் மேடு மேலே ஏறிக்கொள்ளும், கீழே சமமாகும். தலையை முழுக்கப் பின்னால் மல்லாத்த வேண்டாம். தோலை அளவுக்கு மீறி இழுத்தால் முடி வெளியே துருத்தும், அறுத்து விட்டதும் உள்ளே போய்விடும், மறுபடி அதே பொரி. தோலைச் சமப்படுத்த வேண்டுமே தவிர விறைப்பாக இழுக்கக் கூடாது. பொரி வரும் தோலுக்கு இது மிக முக்கியம்.

மேலுதட்டுக்குப் பல்லின் மேல் உதட்டைக் கீழே இழுத்து மூடிக்கொள்ளுங்கள். மூக்கு நுனியை ஒரு விரலால் லேசாக மேலே தூக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கீழ்நோக்கிச் சாய்ந்த குட்டிக் குட்டி இழுப்புகள். மூக்குக்கு நேர் கீழே இருக்கும் குழியில் முதல் தடவையிலேயே எல்லாம் வராது, விட்டுவிடுங்கள். அடுத்த சுற்றில் புது நுரையோடு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று குறுக்காக எடுத்தால் வந்துவிடும். ஐந்து பிளேடு ரேசரின் தலை அகலமாக இருப்பதால் மூக்குக்கு அடியில் நுழையவே நுழையாது. உங்களுக்கு அங்கே சொரசொரப்பு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். உதட்டோரத்துக்கு வாயைக் கொஞ்சம் திறந்தாலே தோல் சமமாகிவிடும்.

முகவாயில் கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டால் உதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவில் இருக்கும் பள்ளம் மேலே வரும். முகவாய் உருண்டையில் நீளமாக இழுக்காதீர்கள், உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். முகத்தில் எங்காவது மச்சம் இருந்தால் அதன் மேல் பிளேடை ஏற்றாமல் சுற்றிக்கொண்டு போங்கள், மேலே நிற்கும் ஒன்றிரண்டு முடியைக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம்.

பல் விழுந்து கன்னம் ஒட்டிப்போன பெரியவர்களுக்குச் சவரம் செய்துவிடும் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும். கன்னத்தை உப்பச் சொல்லுங்கள், அவர்களால் முடியாவிட்டால் காதுப் பக்கம் தோலை மேலே ஏந்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தோல் மெல்லியது, ஒரு சுற்றோடு நிறுத்துங்கள்.

முதல் சுற்று முழுவதும் முடியின் போக்கில். முடித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவித் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இருக்கும். இருக்கத்தான் வேண்டும், பதறி அதே இடத்தில் நுரை இல்லாமல் திரும்ப இழுக்காதீர்கள். மறுபடி நுரை போட்டு, இரண்டாம் சுற்றைக் குறுக்காக எடுங்கள். பெரும்பாலான கழுத்துகளுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. மூன்றாவதாக எதிர்த்திசைச் சவரம், சலூனில் ‘ரிவர்ஸ்’ என்பார்களே, அது கன்னத்துக்கும் முகவாய்க்கும் தோல் தாங்கினால் மட்டும். பொரி வரும் கழுத்தில் ரிவர்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கும் யாருக்கும் அந்த மிச்சச் சொரசொரப்பு தெரியாது. தெரிவது பொரிதான்.

மாலை போட்டுத் தாடி வளர்த்தவர்கள் சபரிமலை போய் வந்ததும் நேராக ரேசரை எடுப்பார்கள். 41 நாள் முடி படுத்துச் சிக்கிக் கிடக்கும், பிளேடு பிய்த்துத்தான் இழுக்கும். முதலில் டிரிம்மரிலோ கத்தரியிலோ ஒட்ட வெட்டிவிட்டு, ஊற வைத்து, அப்புறம் ரேசர்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, படிகாரத்தை நனைத்து முகம் முழுக்க ஒருமுறை ஒற்றுங்கள். சின்ன வெட்டுகளில் ரத்தம் நிற்கும். இன்னொரு உபயோகமும் உண்டு: எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அழுத்திவிட்டீர்கள் என்று பொருள், மறுநாள் அங்கே கையை லேசாக்குங்கள். அரை நிமிடம் கழித்துப் படிகாரத்தைக் கழுவிவிட வேண்டும், விட்டால் தோலைக் காயவைத்துவிடும். பிறகு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். இங்கே கடைக்குக் கடை நீலகிரித் தைலம் கிடைப்பதால் கிருமி நாசினி என்று சொல்லி மழித்த முகத்தில் அதைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கலக்காத தைலம் மழித்த தோலைப் புண்ணாக்கும்.

இன்னொன்று வெயில். குளிர்தானே என்று யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. குன்னூர் 1,850 மீட்டர். மழித்த கழுத்தோடு பைக்கில் ஊட்டிக்குப் போய் வந்தால் அந்தச் சிவப்பு கறுப்புத் தழும்பாக மாறும். பகலில் வெளியே போகிற நாளில் சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பொரியைக் கிள்ளவோ ஊசியால் தோண்டவோ கூடாது. வெந்நீர்த் துணியால் தினமும் ஒத்தடம் கொடுங்கள். முடியின் வளைவு வெளியே தெரிந்தால் சுத்தமான ஊசி நுனியால் அதை மேலே எடுத்து மட்டும் விடலாம், பிடுங்கக் கூடாது. சீழ் பிடித்தால், வலித்தால், தடிப்பாக எழும்பினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாகக் களிம்பு வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் கல்யாணத்துக்கு வருவோம். நாளையிலிருந்தே கழுத்தில் பிளேடு வைப்பதை மூன்று வாரத்துக்கு நிறுத்துங்கள், டிரிம்மரில் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள், ஆபீசுக்கு அது போதும். உள்ளே மாட்டிய முடி அதற்குள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். கை பழகுவதற்காக அதுவரை கன்னத்திலும் மேலுதட்டிலும் ஒற்றை பிளேடையே ஓட்டிப் பாருங்கள். நான்காவது வாரத்தில் கழுத்துக்கு மேலே சொன்ன முறையில் இரண்டு முறை ஒத்திகை. முகூர்த்தம் விடியற்காலை என்றால் முதல் நாள் சாயங்காலமே சவரம் செய்துவிடுங்கள். இரவில் சிவப்பு அடங்கிவிடும், காலை அவசரத்தில் கை நடுங்கி வெட்டிக்கொள்ளவும் வேண்டாம். அன்றைக்கென்று புது கிரீம், புது லோஷன் எதையும் முயல வேண்டாம்.

ஊரில் சலூனில்தான் சவரம் என்றால், உங்கள் கண்முன்னே புது பிளேடைப் பிரித்து உடைத்துக் கத்தியில் மாட்டச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பழைய பிளேடு வழியாகத் தொற்றக்கூடியவை, இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல தொழில்காரர் யாரும் கோபப்பட மாட்டார். உட்கார்ந்ததுமே ‘அண்ணா, கழுத்துக்கு ரிவர்ஸ் வேண்டாம், இந்தப் பக்கம் முடி குறுக்கே போகுது’ என்று விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், பாதி மழித்த பிறகு சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.